வாசகர் கேள்வி – பதில்: பழைய கைக்கடிகாரத்துக்கு என்ன விலை தரலாம்?

கேள்வி: கிருஷ்ணகிரி ரவுண்டானா அருகே பழைய கைக்கடிகாரங்கள் விற்கும் ஒருவர் எச்.எம்.டி. ஜனதா ஒன்றைக் காட்டினார். 1970-களில் செய்தது, 17 கல் வைத்தது, டயலில் ஒரு கீறல்கூட இல்லை என்று சொல்லி 4,500 ரூபாய் கேட்கிறார். சாவி கொடுத்தால் நன்றாகவே ஓடுகிறது. அதன் நிலையை எப்படி அறிவது? இந்த விலை நியாயமானதா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: கீறலே இல்லாத டயல் என்று விற்பவர் பெருமையாகச் சொல்வதைத்தான் நீங்கள் முதலில் ஐயத்தோடு பார்க்க வேண்டும். ஐம்பது ஆண்டுகள் ஒருவர் கையில் வியர்வையும் வெயிலும் பட்டு ஓடிய கடிகாரத்தின் வெள்ளை டயல் மெல்லப் பழுப்பேறும். மேல் கண்ணாடி, கடிகாரத்தின் உலோகக் கூடான கேஸோடு சேரும் ஓரத்தில் ஈரம் புகுந்த சிறு புள்ளிகள் தெரியும். இவை எதுவும் இல்லாமல் டயல் பளிச்சென்று இருந்தால், அது பெரும்பாலும் மறுபடி வண்ணம் பூசி எழுத்து அச்சிட்ட டயலாகவோ அண்மையில் செய்து பொருத்திய புது டயலாகவோ இருக்கும்.

ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள, கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு, கடை விளக்கில் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில் எழுத்துகளைப் பாருங்கள். தொழிற்சாலை அச்சில் எழுத்தின் விளிம்பு தெளிவாகவும் மையின் கனம் எங்கும் ஒரே சீராகவும் இருக்கும். மறு அச்சில் மை விளிம்பைத் தாண்டிச் சற்றே கசிந்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக்குறிகளுக்கு நேரே நிற்காமல் ஒரு மயிரிழை விலகியிருக்கும். அப்படியே பார்வையை முள்களின் மேல் நகர்த்துங்கள். முள்களில் துருப்புள்ளிகள் இருக்க, அவற்றுக்குக் கீழே டயல் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், இரண்டும் ஒரே கடிகாரத்தில் சேர்ந்து மூப்படையவில்லை என்று பொருள்.

டயலைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு எச்.எம்.டி. 1961-இல் பெங்களூரில் கைக்கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கியது. தொடக்க கால வகைகளில் ஒன்றான ஜனதா பல பத்தாண்டுகள் ஏராளமாகத் தயாரிக்கப்பட்டது. ஆகவே அதன் மெஷினுக்கு உதிரி பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. கை தேர்ந்த மெக்கானிக் யாராலும் அதைச் சரிசெய்ய முடியும். அசல் டயல் போனால் போனதுதான், அதை யாராலும் மீட்டுத் தர முடியாது. இந்தக் கடிகாரத்தின் விலையில் பெரும்பங்கு டயலில் இருக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். அசல் டயல்கள் எப்படி இருந்தன என்று கண்ணுக்குப் பழக்க விரும்பினால், பெங்களூர் ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. அருங்காட்சியகம் இருக்கிறது, கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு நாளில் போய் வந்துவிடலாம்.

அடுத்து, பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்க மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். உள்ளே, சாவித் தண்டு நுழையும் இடத்தைச் சுற்றித் துரு படிந்திருக்கிறதா, திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா என்று பாருங்கள். சிதைந்த திருகுகள், பொருத்தமில்லாத திருப்புளியோடு யாரோ அவசரமாகக் கை வைத்ததன் அடையாளம். குரோமியம் பூசிய கேஸாக இருந்தால், வார் உரசும் இடங்களில் பூச்சு தேய்ந்து பித்தளை எட்டிப் பார்க்கும். அது இயல்பான தேய்மானம்தான். அதற்காக விலையைச் சிறிது குறைக்கலாம், கடிகாரத்தையே ஒதுக்க வேண்டியதில்லை.

‘நன்றாகவே ஓடுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். கடையில் நின்று ஐந்து நிமிடம் பார்ப்பது சோதனை ஆகாது. முன்பணம் கொடுத்தாவது ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல இசைவு கேளுங்கள். காலையில் தடைபடும் வரை மெதுவாகச் சாவி கொடுத்து, கைப்பேசியின் நேரத்தோடு பொருத்தி, பகலில் கையில் கட்டிக்கொண்டு, இரவில் டயல் மேலே இருக்கும்படி வைத்து, மறுநாள் அதே நேரத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். அதில் அரை நிமிடம் முன்பின் ஆனால் இந்த வயதுக் கடிகாரத்துக்கு அது நல்ல ஓட்டம். இரண்டு மூன்று நிமிடம் பிந்தினாலோ, சாவி முழுதாக இருந்தும் இரவில் நின்றுவிட்டாலோ, பிரித்துக் கழுவி எண்ணெய் இட வேண்டிய நிலையில் இருக்கிறது என்று கொள்ளலாம். பல நிமிடங்கள் முந்தி ஓடினால் ஓட்டத்தைச் சீராக்கும் மெல்லிய சுருள் கம்பியான ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கக்கூடும். அதை எடுப்பது எளிய வேலை.

17 கல் என்பதைக் கேட்டு மயங்க வேண்டாம். அவை சக்கர அச்சுகள் தேயாமல் சுழல்வதற்காக வைத்த செயற்கை மாணிக்கக் கற்கள். நகைக்கு ஆகும் மதிப்பு அவற்றுக்குக் கிடையாது.

இனி விலை. எச்.எம்.டி.யின் கைக்கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் அளித்த பிறகு இந்தக் கடிகாரங்கள் மீது ஆசை கூடியது உண்மைதான். ஆனால் ஜனதா அரிய பொருள் அன்று. வயது ஒன்றை மட்டும் காரணம் காட்டி விலை ஏற்ற முடியாது. பலர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, உண்மையில் கைமாறிய விலைகள் நான்கைந்தை விசாரியுங்கள். அதிலிருந்து சர்வீஸ் செலவைக் கழியுங்கள். டயல் மறு அச்சு என்று தெரிந்தால், மீதியில் பாதியைத் தாண்டாதீர்கள். நீங்கள் வர்ணித்த கடிகாரம் மறு அச்சு டயலோடு இருந்தால், நானாக இருந்தால் 1,500 ரூபாய்க்கு மேல் தர மாட்டேன். டயல் அசல் என்று லென்ஸில் உறுதியானாலும் 4,500 அதிகம்தான்.

கேள்வி: மறைந்த என் தந்தையாரின் எச்.எம்.டி. கடிகாரம் பெட்டியில் இருக்கிறது. டயலைப் புதுப்பித்து, கேஸுக்குப் பாலிஷ் போட்டால் மதிப்பு உயரும் என்கிறார் எங்கள் ஊர்க் கடைக்காரர். செய்யலாமா?
– வாசகி, அரூர்

பதில்: அருள்கூர்ந்து செய்யாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் என் தாத்தாவின் கடிகாரத்தை ஒரு கடையில் கொடுத்து டயலைப் புதிதாக்கி வாங்கினேன். அதில் மூன்றாம் மணிக்கருகே, எப்போதோ மழையில் நனைந்து படிந்த, தேங்காய்க் கீற்றுப் போன்ற ஒரு பழுப்புக் கறை இருந்தது. சிறு வயதில் அவர் மடியில் உட்கார்ந்து மணி பார்க்கப் பழகியபோது ‘கறைக்கு நேரே சின்ன முள் வந்தால் மூன்று மணி’ என்றுதான் கற்றேன். திரும்பி வந்த கடிகாரத்தில் கறை இல்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

சந்தைக் கணக்கும் செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறது. புதுப்பித்த டயலால் மதிப்பு குறையும். பாலிஷ் போட்டால் கேஸின் கூரான விளிம்புகள் மழுங்கிப் போகும், மூடியில் பொறித்த எழுத்துகளின் ஆழமும் குறையும். கழுவி எண்ணெய் இடச் சொல்லுங்கள், அது போதும். மேல் கண்ணாடி பிளாஸ்டிக் வகை என்றால் கீறல்களைத் தேய்த்து எடுக்கலாம், வேறு மாற்றினாலும் தவறில்லை. மாற்றிய பாகம் எதுவானாலும் பழையதைக் கேட்டு வாங்கி ஒரு சிறு உறையில் போட்டு வையுங்கள்.

சர்வீஸின்போது பக்கத்தில் இருந்து மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். பழுது பார்த்தவர்கள் ஊசி முனையால் தேதியையோ தங்கள் குறியையோ கீறி வைக்கும் வழக்கம் உண்டு. இருந்தால், உங்கள் தந்தையார் எந்தெந்த ஆண்டு அதைக் கடைக்கு எடுத்துச் சென்றார் என்பது அங்கே எழுதியிருக்கும்.

கேள்வி: 1990-களில் வாங்கிய டைட்டன் குவார்ட்ஸ் கடிகாரம் நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்கும் பழம்பொருள் மதிப்பு உண்டா?
– வாசகர், ஓசூர்

பதில்: பணமாகப் பார்த்தால் இப்போதைக்குக் குறைவுதான். ஆனால் டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய நிறுவனம், உங்கள் ஊர்த் தொழிற்சாலையில், அது இன்னும் பழைய தருமபுரி மாவட்டமாக இருந்த காலத்தில் செய்த பொருள் என்பதால், ஓசூர்க்காரர் ஒருவர் அதை விற்கக் கூடாது என்பது என் கருத்து. குவார்ட்ஸ் கடிகாரத்துக்குப் பகை உள்ளேயே விட்டுவைத்த தீர்ந்த பேட்டரிதான். அது கசிந்தால் இணைப்புத் தகடுகளையும் மின்சுற்றையும் அரித்துவிடும். இந்த வாரமே திறந்து பேட்டரியை எடுக்கச் சொல்லுங்கள். பச்சை படியாமல் இருந்தால் புது பேட்டரி போட்டதும் ஓடக்கூடும். ஓடவில்லை என்றால் மெஷினை மாற்ற ஒப்புக்கொள்ளும் முன், பழைய மெஷினைத் துடைத்துச் சோதித்தார்களா என்று கேளுங்கள்.