கண்டியில் கார் இல்லாமல்: மதுரைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். பேராதனையில் வேலை கிடைத்திருக்கிறது. மனைவி, எட்டு வயது மகள், அம்மா எல்லோரோடும் மதுரையிலிருந்து கண்டிக்கு வருகிறீர்கள். ஊரில் கார் ஓட்டிப் பழக்கம், இங்கே கார் விலையைக் கேட்டதும் தலை சுற்றுகிறது. கார் வாங்காமல் குடும்பம் நடத்த முடியுமா? ஹந்தானை ஏற்றத்தில் ஒன்று, கட்டுக்கலையில் ஒன்று என்று பார்த்து வைத்திருக்கும் இரண்டு வீட்டில் எதை எடுப்பது?

முடியும். கட்டுக்கலை வீட்டை எடுங்கள். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்தான், நேரம் இருந்தால் படியுங்கள்.

நான் கோத்தகிரியில் பிறந்தவள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. அங்கே எங்களைச் சிலோன்காரர் என்பார்கள். கல்யாணமாகி இங்கே வந்தால் நான் இந்தியாக்காரி. சரி, அது வேறு கதை. எங்கள் வீட்டில் கார் இருந்ததே இல்லை. முதலில் காசில்லாமல் வாங்கவில்லை, பிறகு வேண்டாம் என்றே விட்டுவிட்டோம்.

விலைக்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. சொந்த உபயோகத்துக்கான கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பிப்ரவரியில்தான். ஐந்து வருடம் புது வண்டி வராத நாட்டில் பழைய வண்டி என்ன விலை போகும்? திறந்த பிறகும் வரி கனமாகவே இருக்கிறது. ஒரு பழைய வேகன் ஆருக்கு இங்கே கேட்கும் விலையில் மதுரையில் புதியதே வாங்கி மிச்சமும் வைக்கலாம். 2022 நடுவில் பெட்ரோல் ஷெட் வரிசையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் காரிலேயே படுத்துத் தூங்கினார். அப்புறம் கியூஆர் அட்டை வந்து வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து ஊற்றினார்கள். அதற்காகக் கார் இல்லாத நாங்கள் தப்பித்தோம் என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸுக்கும் டீசல் வேண்டுமே. அந்த மாதங்களில் நடையோ நடை.

இப்போது வீடு. ஹந்தானை வீட்டு விளம்பரத்தில் 'அழகான காட்சி' என்று போட்டிருப்பார்கள். மலையூரில் காட்சி நன்றாக இருந்தால் ஏற்றமும் நன்றாகவே இருக்கும். வாடகைக்குப் பார்ப்பவர்கள் எல்லாரும் டவுனிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, பஸ் இறங்கும் இடத்துக்கும் வாசலுக்கும் நடுவில் ஏற்றம் எவ்வளவு என்பது. சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடப்பதை உங்கள் அம்மா உலாப் போவதாக நினைத்துக்கொள்வார். ஏற்றத்தில் அதில் கால்வாசி போதும், கோயிலுக்குப் போவதையே விட்டுவிடுவார். கட்டுக்கலை வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். இருக்கட்டும். பேராதனை வீதி காலடியில் இருக்கிறது, செல்வ விநாயகர் கோயில் நடை தூரத்தில் இருக்கிறது. காட்சி பார்க்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஹந்தானைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஏற்றத்தில் வீடு எடுப்பதற்கு முன் இன்னொன்றையும் கேட்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் இந்த மலைகள் எத்தனை இடத்தில் சரிந்தன என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டி நிமிர்த்திய கரை இருக்கிறதா, மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், ஆம்பர், சிவப்பு என்று மூன்று படியாக விடும். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும், யோசிக்க நேரமில்லை.

பேராதனைக்குப் போவதில் உங்களுக்குச் சிரமமே இருக்காது. கம்பளை, கடுகண்ணாவை, பிலிமத்தலாவை என்று எந்த போர்டு போட்ட பஸ்ஸும் உங்கள் வழியாகத்தான் போகும். சிவப்பு பஸ் இ.போ.ச., அதாவது இலங்கை போக்குவரத்துச் சபை, அரசுடையது. மற்றவை தனியார். தனியார் பஸ்ஸில் பாட்டு சத்தமாக இருக்கும், ஆள் நிரம்பும்வரை நகராது, நகர்ந்தால் நிற்காது. முன்பக்கத்தில் புத்த பிக்குகளுக்கென்று ஒதுக்கிய இருக்கை இருக்கும். காலியாக இருந்தால் உட்காரலாம், காவி உடை ஏறியதும் எழுந்துவிட வேண்டும், யாரும் சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது. நெரிசல் நேரத்தில் பெண்களுக்குத் தொல்லை இங்கேயும் உண்டு. உங்கள் மனைவியிடம் முந்தானையில் ஒரு ஊக்கு கூடுதலாகக் குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்களுக்குப் புரியும்.

காலை ஏழு மணிக்கும் மதியம் ஒன்றரைக்கும் மட்டும் டவுனை நம்பாதீர்கள். இங்கே பள்ளி ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடும், பெரிய பள்ளிகள் பலவும் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. கண்டி, சட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஊர். உள்ளே வர நாலைந்து வழிதான். போதாததற்கு 1998 ஜனவரி குண்டுவெடிப்புக்குப் பிறகு புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை முன்னால் போகும் வீதியை வாகனங்களுக்கு மூடிவிட்டார்கள். அந்தச் சுமையெல்லாம் குளத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. காரில் உட்கார்ந்து ஹாரன் அடிப்பவரைக் கடந்து நான் குளக்கரையில் நடந்து போவேன். 1807 வாக்கில் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டிய குளம். அதன் மதில் ஓரமாக நடக்கும்போது கொஞ்சம் அகங்காரம் வரத்தான் செய்கிறது. தலதா மாளிகையின் எசல பெரஹரா ஊர்வல நாட்களில் இன்னும் அதிகமாக வரும், அப்போது பாதி வீதிகளை மூடிவிடுவார்கள்.

மகளுக்கு ஸ்கூல் வேன் பேசிவிடுங்கள், மாதக் கட்டணம்தான். கேஸ் சிலிண்டரைக் கடைக்காரரே த்ரீவீலில், அதாவது நம்ம ஊர் ஆட்டோவில், கொண்டுவந்து மாட்டிவிடுவார். பாண், அதாவது ரொட்டி விற்கும் வண்டி சாயங்காலம் மெட்டுப் போட்டுக்கொண்டு வரும், அதன் பெயர் சூன் பாண், உங்கள் மகள் அந்த மெட்டைக் கேட்டதும் ஓடப்போகிறாள் பாருங்கள். அம்மாவுக்கு ராத்திரியில் ஏதாவது என்றால் என்ன செய்வது என்று கவலைப்பட்டிருந்தீர்கள். 1990 என்ற எண்ணைப் போனில் பதிந்துவையுங்கள். சுவசெரிய ஆம்புலன்ஸ், காசு கிடையாது. 2016-இல் இந்தியா கொடுத்த நன்கொடையில் மேற்கு, தெற்கு மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் வந்தது. வாசலில் கார் நின்றாலும் நெஞ்சு வலிக்காரரை வைத்துக்கொண்டு பதற்றத்தோடு ஓட்டுவதைவிட இதுதான் மேல்.

கஷ்டம் எங்கே என்றால், இருட்டிய பிறகுதான். ஏழு மணி தாண்டினால் பஸ் குறையும், உள் வழிகளில் நின்றே போகும். கல்யாண வீடு, சினிமா, நண்பர் வீட்டுச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் திரும்பி வரும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பிக்மீ செயலியில் த்ரீவீல் கிடைக்கும், ஆனால் கொட்டும் மழையில் கிடைக்காது. ஸ்டாண்டில் நிற்கும் த்ரீவீலில் ஏறுமுன் விலை பேசுங்கள். கார் இல்லாததால் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி இதற்கென்றே இருக்கட்டும், கஞ்சத்தனம் வேண்டாம். என் கணவர் இன்னும் மோட்டார் சைக்கிள் பற்றி மாதம் ஒருமுறை பேசுவார், நான் காது கேட்காத மாதிரி இருப்பேன். சைக்கிளை மறந்துவிடுங்கள். யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிள் சரி, கண்டி ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

நீங்கள் கடைசியாக ஒன்று கேட்டிருந்தீர்கள்: கார் இல்லாமல் வாழ்க்கை சுருங்கிப்போகாதா, எங்கேயும் போக முடியாதே என்று. எனக்கு இந்த வருடத்துக்கு மூன்று ஆசைகள் இருக்கின்றன, மூன்றும் காலாலும் பஸ்ஸாலும் ஆகக்கூடியவை.

முதலாவது பீக்கோ டிரெயில். ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டமாக 300 கிலோமீட்டருக்கு மேல் போகும் நடைபாதை. தேயிலை மூட்டை போன பழைய தோட்டத்துப் பாதைகளைக் கோர்த்து அமைத்தது. ஒரு கட்டத்தை ஒரு நாளில் நடந்து, முடியும் ஊரில் பஸ் பிடித்து வீடு திரும்பலாம். காரில் போனால் விட்ட இடத்துக்கே திரும்பி நடக்க வேண்டும், பஸ்காரிக்கு அந்தத் தொல்லை இல்லை. முதல் கட்டம் கலஹாவில் முடியும். என் மாமியார் அங்கே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அடுத்தது லூல்கந்துரை, 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் இந்த நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்குத் தேயிலை போட்ட தோட்டம். நான் போகிறேன் என்றதும் மாமியார் சொன்னது: "நாங்க கொழுந்துக் கூடையோட ஓடுன குறுக்குப் பாதையில நடக்கவா வெள்ளைக்காரங்க பிளேன் ஏறி வர்றாங்க?" அவருக்கு அது இன்னும் ஜோக்தான். 2023-இல் மலையகத் தமிழர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதில் கடைசியில் கொஞ்சதூரம் நானும் சேர்ந்தேன். அப்போது மட்டும் மாமியார் சிரிக்கவில்லை. தண்ணீர் போத்தல் நிரப்பிக் கொடுத்து அனுப்பினார்.

இரண்டாவது, சிங்களப் பேப்பரைப் பஸ்ஸில் உட்கார்ந்து தடங்கல் இல்லாமல் படிப்பது. பேச்சு வந்துவிட்டது, எழுத்துதான் இன்னும் இழுக்கிறது. பஸ் போர்டுகளில்தான் அரிச்சுவடி படித்தேன். நீங்களும் அங்கேயே ஆரம்பிக்கலாம்.

மூன்றாவது, மாமியாரைப் பதுளைக்கு ரயிலில் கூட்டிப்போவது. அவர் ரயிலைக் கோச்சி என்பார். கொழும்பிலிருந்து பதுளை போகும் ரயில்களில் சில கண்டிக்குள் வராது, பேராதனைச் சந்தியில் ஏற வேண்டும். வழியில் பட்டிப்பொல வரும், இந்த நாட்டிலேயே உயரத்தில் இருக்கும் ஸ்டேசன், 1,897 மீட்டர். புயலில் இந்தப் பாதை பல இடத்தில் உடைந்துபோனதால், போகுமுன் எந்த ஸ்டேசன்வரை ஓடுகிறது என்று நேரில் கேட்டுக்கொள்ள வேண்டும். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நல்ல குடை வாங்குங்கள், மடக்குக் குடை வேண்டாம், இங்கத்திய ஐப்பசி மழைக்குத் தாங்காது. ரப்பர் அடி பிடிக்கும் செருப்பு அம்மாவுக்கு. புல் ஓரம் நடந்தால் அட்டை ஏறும், பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் உப்பு போதும்.

கட்டுக்கலை வீட்டுக்கு முன்பணம் கொடுக்குமுன், ஒரு வேலை நாளில் சாயங்காலம் ஐந்தரைக்குப் பேராதனையில் பஸ் ஏறி அந்த வீட்டு வாசல்வரை போய்ப் பாருங்கள், முடிந்தால் மழை பெய்யும் நாளில். வாசலில் எத்தனை படி என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். அம்மாவின் முழங்கால் எப்படி என்றும் சேர்த்து எழுதுங்கள்.