நரம்பு இல்லாத குடல் ஏன் இறுகுகிறது?

கேள்வி: பிறந்து மூன்று நாளாகியும் பேரனுக்கு மலம் போகவில்லை, வயிறு உப்பிவிட்டது. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு இல்லை, அதனால் இறுகியிருக்கிறது என்கிறார் டாக்டர். நரம்பு இல்லையென்றால் தொளதொளவென்றுதானே கிடக்கவேண்டும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கை, காலை வைத்து யோசிப்பதால் வரும் குழப்பம் இது. அங்கே நரம்பு அறுந்தால் தசை துவண்டுவிடும். குடல் தசையோ யாரும் சொல்லாமலே சுருங்கும்; அதைத் தளர்த்தத்தான் நரம்பு வேண்டும்.

குடல் சுவரில் உள்ளே வளையத் தசை, வெளியே நீளத் தசை, நடுவே ஆவர்பாக் பின்னல் என்ற நரம்பு வலை. மலம் ஓரிடத்தில் சுவரை விரித்ததும் உட்சவ்வு செல்கள் செரோடோனின் என்ற வேதிப்பொருளை விடுகின்றன, அதனால் உணர்நரம்புகள் தூண்டப்படுகின்றன. மலத்துக்கு மேற்புறம் நரம்பு விடும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வளையத் தசையை இறுக்கும். கீழ்ப்புறம் நரம்பு விடும் நைட்ரிக் ஆக்சைடு அதே தசையைத் தளர்த்தும். மூடியைத் திறக்காமல் பற்பசையைப் பிதுக்கிப் பாருங்கள், இரண்டாவது வேலையின் அருமை தெரியும். வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிய பிறகும் நாயின் குடலில் இது நடப்பதை 1899-ல் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர்கள் காட்டினார்கள்.

கருவில் இந்த நரம்பு செல்கள் வாய்ப்பக்கத்திலிருந்து ஆசனவாய் வரை நகர்ந்து வரவேண்டும். நடுவழியில் நின்றுவிட்டால் கடைசிப் பகுதி நரம்பில்லாமல், தளர முடியாமல் இறுகியே கிடக்கும். ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்பது இதுதான். சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். எக்ஸ்ரேயில் மலம் தேங்கிப் பூதாகாரமாக உப்பித் தெரிவது நல்ல குடல். அதற்குக் கீழே ஒல்லியாகத் தெரிவதுதான் கோளாறு! மலக்குடலில் சிட்டிகைத் திசு எடுத்துப் பார்த்து உறுதிசெய்வார்கள். பிறகு நரம்பில்லாத பகுதியை வெட்டி நீக்கி, நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைப்பார்கள்.

வயிறு உப்பலோடு காய்ச்சல், நாற்றமடிக்கும் பேதி வந்தால் குடல் அழற்சியாக இருக்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகும் இது வரும். பொழுது விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: காலையில் காபி குடித்ததும் கழிப்பறைக்கு ஓடுகிறேன். காபி அத்தனை வேகமாகவா இறங்குகிறது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: காபி இன்னும் பெருங்குடலை எட்டியிருக்காது. இரைப்பை விரிந்ததும் பெருங்குடலுக்குச் செய்தி போய்விடும். காபிக்கே தனியாகவும் தூண்டும் குணம் உண்டு. சிலருக்கு 4 நிமிடத்திலேயே பெருங்குடலின் கீழ்ப்பகுதி அசையத் தொடங்கும். கஃபீன் நீக்கிய காபியும் இதைச் செய்கிறது, ஆகவே பழியெல்லாம் கஃபீன்மேல் போடமுடியாது. தூங்கி எழுந்த நேரத்தில் பெருங்குடலின் பெரிய தள்ளு அலைகள் இயல்பாகவே கிளம்பும். நீங்கள் அந்த நேரம் பார்த்து டம்ளரை எடுக்கிறீர்கள்.