உகாண்டாவில் கொரில்லா பார்க்க பர்மிட் எடுப்பது எப்படி? ஒரு மணி நேரத்துக்கு 800 டாலர் நியாயமா?

விமான டிக்கெட் இன்னும் போடவில்லை என்றுதான் நினைக்கிறேன். நல்லது, பொறுங்கள். முதலில் பர்மிட், அப்புறம்தான் டிக்கெட், தங்குமிடம் எல்லாம்.

இது சாதாரண நுழைவுச்சீட்டு இல்லை. குறிப்பிட்ட தேதி, காட்டின் குறிப்பிட்ட பகுதி, உங்கள் பாஸ்போர்ட் விவரம் மூன்றும் சேர்ந்ததுதான் பர்மிட். உகாண்டாவில் மலைக் கொரில்லாக்கள் வாழும் பிவிண்டி காட்டில் புஹோமா, ருஹிஜா, ருஷாகா, என்குரிங்கோ என்று நான்கு பகுதிகள். வரைபடத்தில் பக்கம் பக்கமாகத் தெரியும். நம்பாதீர்கள்.

எங்கள் ஏஜென்ட் (பெயர் வேண்டாம்) வடக்கே புஹோமாவில் அறை போட்டுவிட்டு, தெற்கே ருஷாகாவில் பர்மிட் வாங்கியிருந்தார். நகல் கேட்டபோதெல்லாம் "கன்ஃபர்ம் சார், கவலையே வேண்டாம்" என்ற பதில்தான். முந்தைய நாள் இரவு தாளைக் கையில் வாங்கிப் பார்த்த டிரைவர்தான் விஷயத்தைச் சொன்னார். நடு இரவில் கிளம்பி, காட்டைச் சுற்றி மலைப்பாதையில் குலுங்கிக் குலுங்கி, காலை விளக்கக் கூட்டம் தொடங்கும்போது போய்ச் சேர்ந்தோம். எல்லா ஏஜென்டும் இப்படி என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். உகாண்டா வனவிலங்கு ஆணையம் தரும் பர்மிட்டின் நகலைப் பார்க்காமல் முழுப் பணத்தையும் கட்டாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

விலைக்கு வருவோம். 2024 ஜூலைக்கு முன் 700 டாலர், இப்போது 800. ருவாண்டாவில் 2017 முதலே 1500. ஒரு கொரில்லா குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு 8 பேர்தான், அதுவும் ஒரு மணி நேரம். நம் சளி அவற்றுக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து என்பதால் இந்தக் கட்டுப்பாடு. இருமல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 15 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. என்னைக் கேட்டால் விலை நியாயம்தான். வசதி இருப்பவன் பேச்சு என்று திட்டினாலும் சரி.

"மைசூரு ஜூவில் இல்லாத கொரில்லாவா?" என்றார் எங்கள் மாமா ஒருவர். அங்கே இருப்பது தாழ்நிலக் கொரில்லா. மலைக் கொரில்லா எந்த ஜூவிலும் இல்லை. சொன்னால் கேட்க வேண்டுமே! பேரனின் முதல் பிறந்தநாளுக்கு மண்டபம் பிடித்து ட்ரோன் பறக்கவிட்டவர் அவர். அந்தச் செலவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்கு 10 நாளாவது முன்பே போட்டுவிடுங்கள். ஊசி போட்டதற்கான அட்டையை உகாண்டாவிலும் கேட்பார்கள், திரும்பும்போது இந்திய விமான நிலையத்திலும் கேட்பார்கள்.