காக்ஸ் பேப் பீ .049: மாற்றிய பிஸ்டனில் கம்ப்ரஷன் இல்லை

காக்ஸ் பேப் பீ .049 என்ற சின்ன மாடல் விமான இன்ஜினில் அதே அளவு பிஸ்டனை மாற்றிப் போட்டபின் கம்ப்ரஷனே (சிலிண்டருக்குள் வாயு அழுத்தப்படுவது) இல்லை, புரொப்பெல்லர் சும்மா சுற்றுகிறது என்று கேட்டிருந்தீர்கள். அளவு ஒன்றுதான், ஆனால் அந்த பிஸ்டன் அந்த சிலிண்டருக்கு ஜோடி இல்லை. பேப் பீயில் பிஸ்டன் ரிங் கிடையாது. எஃகு பிஸ்டன் எஃகு சிலிண்டரில் உரசும் அந்த நுண்ணிய இடைவெளிதான் கம்ப்ரஷனைப் பிடித்து வைக்கிறது. சிலிண்டரும் மேலே போகப்போகக் கொஞ்சம் குறுகும். அதனால் இன்னொரு இன்ஜினில் ஓடித் தேய்ந்த பிஸ்டனைப் போட்டால், நீங்கள் சொன்ன மாதிரி புரொப்பெல்லர் தடையே இல்லாமல் சுற்றும்.

பழியை பிஸ்டன் மேல் போடுமுன் ஒன்று பாருங்கள். குளோ ஹெட் (சிலிண்டரின் மேல் மூடி, பற்றவைக்கும் கம்பிச் சுருள் இதில்தான் இருக்கிறது) இணைப்பிலும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் துளைகளிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, புரொப்பெல்லரை மெதுவாகத் திருப்புங்கள். ஹெட் ஓரத்தில் குமிழி வந்தால் செம்பு வாஷர் போய்விட்டது, மலிவான வேலை. எக்ஸாஸ்ட்டில் வந்தால் ஜோடிதான் தப்பு.

அப்புறம் சிலிண்டரைக் கழற்றி, இரண்டையும் நன்றாகத் துடைத்து, பிஸ்டனைக் கீழிருந்து நுழையுங்கள். கீழே சுலபமாக நகர்ந்து, உச்சிக்கு அருகில் லேசாகப் பிடிக்க வேண்டும். வேறு சிலிண்டர் கையில் இருந்தால் அதிலும் போட்டுப் பாருங்கள், சில சமயம் அதிர்ஷ்டம் அடிக்கும்.

இறுக்கமாக இருந்தாலும் உப்புத்தாள் போடாதீர்கள். பல நேரம் அது எரிபொருளில் கலந்திருக்கும் ஆமணக்கு எண்ணெய் காய்ந்த பழுப்புப் படலம்தான். உங்கள் உதிரி சிலிண்டர் காக்ஸின் இன்னொரு இன்ஜினான டீ டீ .051 உடையது என்றால் விட்டுவிடுங்கள், அதன் உள்விட்டமே பெரிது.