விசாவில் இருப்பவர் சாக்ரமென்டோவுக்கு மனு கொடுக்கப் போகலாமா?

தம்பி, வணக்கம். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து சான் ஹோசேக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மண் தடத்தில் ஓட்டுகிற பழைய டர்ட் பைக் ஒன்று வாங்கி, சனிக்கிழமைகளில் ஹாலிஸ்டர் மலைப் பக்கம் ஓட்டப் போகிறீர்கள். போன வாரம் வண்டி இறக்குகிற இடத்தில் ஓர் அம்மா துண்டறிக்கை கொடுத்து, தடங்களுக்கான நிதி விஷயமாக மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவில் சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்க்கப் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார். ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறவர் இதற்கெல்லாம் போகலாமா, விசாவில் வில்லங்கம் வருமா, நாம் ஆசைக்கு ஓட்டுகிற வண்டிக்கு அரசாங்கம் எதற்குப் பணம் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். நான் 2011இல் வந்தவன். கிரீன் கார்டு வரிசையில் இன்னும் நிற்கிறேன். இந்த நாட்டில் ஓர் ஓட்டுகூடப் போட்டதில்லை. ஆனாலும் 2017இலிருந்து முடிந்த வருடமெல்லாம் சாக்ரமென்டோவுக்குப் போய் வருகிறேன். உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரியாமல் அங்கே போனால் பேச ஒன்றும் இருக்காது.

கலிஃபோர்னியாவில் இதற்கென்று 1971இல் ஒரு சட்டம் வந்தது. சாப்பி, ஸ்பெர்க் என்ற இரண்டு அசெம்பிளி (சட்டமன்றத்தின் கீழவை) உறுப்பினர்களின் பெயரில் அந்தச் சட்டம் இன்றும் வழங்குகிறது. ஒருவர் ரிபப்ளிகன், மற்றவர் டெமாக்ரட். அதற்கு முன்னால் மண் வண்டிக்காரர்கள் கண்ட மலையிலும் பாலைவனத்திலும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், நிலமும் பாழாகிக்கொண்டிருந்தது. ஓட்டுவதற்கென்று இடம் ஒதுக்கு, அந்த இடத்தை ஒழுங்காகப் பராமரி, செலவை ஓட்டுகிறவர்களிடமே வாங்கு என்பதுதான் சட்டத்தின் சாரம். நீங்கள் பைக்குக்கு ஒட்டியிருக்கும் பச்சைப் பதிவு ஸ்டிக்கருக்கு இரண்டு வருடத்துக்கு ஐம்பது டாலருக்குச் சற்று மேல் கட்டியிருப்பீர்கள், அதில் ஒரு பங்கு தடங்களுக்கென்று வைத்திருக்கும் தனி நிதிக்குப் போகிறது. பார்க் நுழைவுக் கட்டணமும் போகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய வரவு பெட்ரோல் வரி. ரோட்டுக்காக வசூலிக்கிற வரி அது. ரோட்டில் ஓடாமல் மண் தடத்தில் எரிகிற பெட்ரோலுக்கு ஒரு கணக்குப் போட்டு, அந்த வரியைத் தடங்களுக்கே திருப்பிவிடுகிறார்கள். ஆகவே நாம் கேட்பது தானம் இல்லை. இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

அந்தப் பணத்தில்தான் ஹாலிஸ்டர், கார்னகி, ஓஷியானோ மணல்மேடு, ஓகோட்டியோ வெல்ஸ் போன்ற மாநில வாகனப் பூங்காக்கள் நடக்கின்றன. இன்னொரு பங்கு மானியமாகப் போகிறது. காட்டு இலாகாவுக்கும், கவுண்டி (மாவட்ட) காவல் தலைவர்களான ஷெரிஃபுகளுக்கும், தடம் திருத்துகிற தன்னார்வ அமைப்புகளுக்கும் கிடைக்கும். மானியத்தைச் சட்டமே பிரித்து வைத்திருக்கிறது: பாதி பராமரிப்புக்கு, கால் பங்கு சிதைந்த நிலத்தைப் பழையபடி மீட்க, 20 சதவீதம் காவலுக்கு, 5 சதவீதம் பாதுகாப்புப் பயிற்சிக்கு. இந்தக் கால் பங்கைப் பற்றிப் பேச்சில் எடுக்க மறக்காதீர்கள். எதிர்த்தரப்பில் இருக்கிற பலருக்கு, காயப்பட்ட மலையை ஆற்றுவதற்கும் இந்தப் பணம்தான் வருகிறது என்பதே தெரியாது.

சட்டம் இருக்கிறதே, பிறகு ஏன் வருடா வருடம் போய் நிற்க வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 2008க்குப் பிறகு வந்த பட்ஜெட் நெருக்கடியில் அரசாங்கம் இந்த நிதியிலிருந்து பல கோடி டாலரைப் பொது நிதிக்குக் கடனாக எடுத்துக்கொண்டது. அப்புறம் 2017. சட்டத்துக்குக் கடைசித் தேதி ஒன்று இருந்தது. புதுப்பிக்காவிட்டால் 2018 ஜனவரி 1 அன்று மொத்தத் திட்டமும் காலாவதி. புதுப்பிக்க வந்த மசோதாவின் முதல் வடிவத்தில் எங்கள் ஆட்களுக்கு ஏற்க முடியாத நிபந்தனைகள் நிறைய இருந்தன. கடிதம், போன், நேரில் சந்திப்பு என்று அந்த வருடம் முழுக்க ஓய்வே இல்லை. நிபந்தனைகள் திருத்தப்பட்டு, கடைசித் தேதியே இல்லாமல் திட்டத்தை நிரந்தரமாக்கி, அக்டோபரில் கவர்னர் கையெழுத்திட்டார். எஸ்.பி. 249 என்பது அந்த மசோதாவின் எண். நான் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதியது அதற்காகத்தான். ஊரில் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு மனு எழுதிக்கொண்டு போன அப்பாவை நினைத்துக்கொண்டேதான் எழுதினேன்.

ஜெயித்த கதையை மட்டும் சொன்னால் அது நியாயம் ஆகாது. லிவர்மோர் என்ற ஊருக்குக் கிழக்கே, கார்னகி பூங்காவை ஒட்டி டெஸ்லா என்ற நிலம் இருக்கிறது. கார் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நூறு வருடத்துக்கு முன் அங்கே நிலக்கரிச் சுரங்கமும் அதே பெயரில் ஓர் ஊரும் இருந்தன. சுமார் 3,100 ஏக்கர். கார்னகியைப் பெரிதாக்குவதற்காக 1990களில் நம் நிதியிலிருந்து வாங்கிய நிலம். பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். அங்கே பூர்வகுடிகளின் தடயங்கள் இருக்கின்றன, விலங்குகள் நடமாடும் வழி இருக்கிறது, இஞ்சின் சத்தம் வேண்டாம் என்றார்கள். இருபது வருடத்துக்கு மேல் விடாமல் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தார்கள். 2021இல் சட்டமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அந்த நிலத்தில் இனி மோட்டார் வண்டி கிடையாது, வண்டிக்காரர்களின் நிதிக்குக் கிட்டத்தட்ட 3 கோடி டாலர் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. அந்த மலைச்சரிவில் என் மகளோடு ஒரு நாள் ஓட்டுவேன் என்று நினைத்திருந்தேன். வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால் அவர்கள் சொன்னதில் விஷயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அவர்கள் வந்த அளவுக்கு நாங்கள் வரவில்லை என்பதும் உண்மை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் ஊரில் சொல்வார்களே, சாக்ரமென்டோவில் அது அப்படியே நடக்கிறது.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். உறுப்பினர்களின் அலுவலகங்கள் இப்போது கேப்பிட்டல் என்கிற சட்டமன்றக் கட்டிடத்தில் இல்லை. 2021 கடைசியில் ஓ தெருவில் 1021ஆம் எண்ணில் உள்ள பத்து மாடிக் கட்டிடத்துக்கு மாறிவிட்டன. வாசலில் விமான நிலையம் மாதிரி சோதனை. சந்திப்பு பெரும்பாலும் கால் மணி நேரம். உறுப்பினர் இருக்க மாட்டார். இருபத்தைந்து வயதில் ஓர் உதவியாளர் நோட்டோடு வந்து உட்காருவார். பெரியவரைப் பார்க்க முடியவில்லையே என்று முகம் சுருங்க வேண்டாம். மசோதா வரும்போது உறுப்பினருக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பது இந்தப் பிள்ளைதான்.

2023இல் நடந்தது இது. அந்தக் குளிர்காலம் பேய்மழை. நான் வழக்கமாக ஓட்டுகிற ஒரு சரிவில் தண்ணீர் தடத்தையே அறுத்துக்கொண்டு ஓடியிருந்தது. பள்ளத்துக்குள் நின்றால் என் பூட்ஸின் மேல்விளிம்பு வரை ஆழம். அதைப் படம் பிடித்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டு போனேன். சரிசெய்தபின் எடுத்த படமும் இருந்தது: குறுக்கே சாய்வாக மண் மேடு கட்டி, தண்ணீரைப் பக்கவாட்டில் புல்லுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். நான் பாதுகாப்பு, குடும்பங்கள், சுற்றுலா என்று தயார் செய்து வைத்திருந்ததைச் சொல்லிக்கொண்டே போனேன். எதிரே உட்கார்ந்திருந்த உதவியாளர் பெண் எதையும் எழுதவில்லை. முதல் படத்தைக் கையில் எடுத்து, "இந்த மண்ணெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்டாள். ஒரு நிமிடம் எனக்குப் பேச்சு வரவில்லை. கீழே இருக்கிற ஓடைக்குப் போகிறது என்று உண்மையைச் சொன்னேன். ஆள் இல்லாமல், மெஷின் இல்லாமல் விட்டால் ஒவ்வொரு மழைக்கும் இப்படித்தான் போகும், பராமரிப்பு நிதி வெட்டப்பட்டால் வண்டிக்காரன் தடத்தை இழப்பான், ஓடையும் கெடும் என்றேன். அப்போதுதான் பேனாவைத் திறந்தாள். இரண்டு படத்தையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் தயாரித்துக்கொண்டு போன பேச்சை அதற்கப்புறம் நான் எங்கும் பேசியதில்லை. படங்களைத்தான் கொண்டு போகிறேன்.

மசோதாவைப் பற்றிச் சட்டமன்றக் குழு நடத்துகிற விசாரணைக்கும் போவீர்கள். அங்கே நீளமாகப் பேசுவது ஒவ்வொரு தரப்பிலும் இரண்டு பேர்தான். மற்றவர்கள் மைக் முன்னால் வரிசையில் நின்று பெயர், ஊர், ஆதரவா எதிர்ப்பா என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும். பத்து விநாடிகூட ஆகாது. இதற்காகவா லீவு போட்டேன் என்று தோன்றும். ஆனால் வரிசை கதவு வரை நீண்டால் மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் போனை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காலமும் முக்கியம். கவர்னர் ஜனவரி 10க்குள் பட்ஜெட் முன்வைப்பார், மே நடுவில் திருத்தம் வரும், ஜூன் 15க்குள் சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டும். நிதி விஷயம் பேசுவதென்றால் மார்ச், ஏப்ரல்தான் சரி. ஜூலையில் போனால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இனி விசா. இதை நிதானமாகப் படியுங்கள். கடிதம் எழுத, போன் செய்ய, உதவியாளரைச் சந்திக்க, மைக்கில் பேச, இவை எதற்கும் குடியுரிமை தேவையில்லை. சம்பளம் வாங்காமல் உங்களுக்காகப் பேசுகிற வரை லாபியிஸ்ட் (சம்பளத்துக்குச் சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டுகிறவர்) என்று பதிவு செய்யவும் வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு பேசினால் அந்தப் பதிவு விவகாரம் ஒருபுறம், ஹெச்-1பியில் அது அனுமதி இல்லாத வேலை. அதைத் தொடவே தொடாதீர்கள். வேட்பாளருக்குத் தேர்தல் நிதி ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவருக்கு ஃபெடரல் சட்டம் அதைத் தடுக்கிறது, மாநிலத் தேர்தலுக்கும் அதே தடைதான். கிளப் நடத்துகிற விருந்துக்கு டிக்கெட் வாங்கச் சொன்னால், அது தேர்தல் நிதி திரட்டுகிற விருந்தா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. மளிகைக்கடை வாசலில் அட்டையோடு நின்று கையெழுத்து கேட்பார்கள். அது மனு மாதிரி இருந்தாலும், தேர்தலில் வைக்கப்போகிற தீர்மானத்துக்கான கையெழுத்து. பதிவு செய்த வாக்காளர்கள் மட்டுமே போடலாம். நம் தடங்களுக்காகவே என்றாலும் நீங்கள் போடாதீர்கள். டிஎம்வியில் (வாகனப் பதிவு அலுவலகம்) லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளர் பதிவுக் கேள்வி வரும். குடிமகன் இல்லை என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். தெரியாமல் மாற்றிக் குறித்தால்கூடப் பிற்காலத்தில் குடியேற்ற வழக்கில் பெரிய சிக்கல். உங்கள் நிலைமையில் தனியாக ஏதாவது சிக்கல் இருந்தால் வக்கீலைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். ஆபீஸ் பேட்ஜைக் காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள், கம்பெனி பெயரை வாயிலும் எடுக்க வேண்டாம்.

உங்களுக்கு ஓட்டு உண்டா என்று அங்கே யாராவது கேட்பார்களோ என்று பயப்படுகிறீர்கள். இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. எங்கே குடியிருக்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள். ஓர் அசெம்பிளித் தொகுதியில் சுமார் ஐந்து லட்சம் பேர். மக்கள்தொகைக் கணக்கில் நீங்களும் அதில் ஒருவர். கேட்டால் மறைக்கவும் வேண்டாம், "ஓட்டு இல்லை, இங்கே குடியிருக்கிறேன், வரி கட்டுகிறேன், இந்தத் தடத்தில் ஓட்டுகிறேன்" என்று சொல்லுங்கள்.

அந்த அம்மாவிடம் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் தொகுதி எண்ணை முன்கூட்டியே பார்த்து எழுதி வையுங்கள். காலர் வைத்த சட்டை போதும். அப்புறம், இந்த மழைக்காலம் முடிந்ததும் ஹாலிஸ்டரில் நீங்கள் ஓட்டுகிற தடத்தில் ஒரு முறை இறங்கி நடந்து, தண்ணீர் எங்கே அறுத்திருக்கிறது என்று பார்த்து நான்கு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.