மனைவி மீது சந்தேகம் என்றால் மகனுக்கு டி.என்.ஏ. பரிசோதனையா?

கேள்வி: எனக்குத் திருமணமாகி 10 ஆண்டுகள். மகனுக்கு 7 வயது. மனைவிக்கு வேறொருவருடன் நெடுநாள் தொடர்பு இருந்தது அவருடைய வாட்ஸ்அப் மூலம் இப்போதுதான் தெரிந்தது. மகன் கருவான சமயத்தில் நான் வெளியூரில் வேலை பார்த்தேன். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்துபோவேன். டி.என்.ஏ. பரிசோதனைக்கு உத்தரவு வாங்க முடியுமா? அவன் என் பிள்ளை இல்லையென்றால் ஜீவனாம்சம், சொத்துப் பங்கு எல்லாம் தர வேண்டியதில்லைதானே?

பதில்: 'மாதம் ஒருமுறை வந்துபோவேன்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வழக்கு அங்கேயே சறுக்கிவிடும். செல்லுபடியாகும் திருமணம் நீடிக்கும்போது பிறந்த குழந்தை கணவனுடையதே என்கிறது பாரதிய சாக்ஷ்ய அதிநியம், அதாவது புதிய சாட்சியச் சட்டம், பிரிவு 116 (1872-ஆம் ஆண்டின் பழைய சாட்சியச் சட்டத்தில் 112). கரு உண்டாகியிருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் சேர வாய்ப்பே இருக்கவில்லை என்று நிரூபித்தால்தான் இது உடையும். ஆண்டு முழுக்கக் கப்பலில் இருந்தவர் அப்படிச் சொல்லலாம், நீங்கள் சொல்ல முடியாது. அதே காலத்தில் இன்னொருவருடனும் உறவு இருந்தது என்று காட்டினாலும் இந்த அனுமானம் தானாக விழுந்துவிடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் போட்ட சட்டம், நம் தர்மம் வேறு' என்று வழக்குக்காக வரும் சில கட்சிக்காரர்கள் என்னிடம் வாதாடுவதுண்டு. மனுஸ்மிருதி 9-ஆம் அத்தியாயத்தைப் பார்க்கச் சொல்வேன். யாருக்குப் பிறந்தான் என்று தெரியாமல் ஒருவன் வீட்டில் பிறந்த பிள்ளை, அந்த மனைவியின் கணவனுக்கே உரியவன் என்றுதான் அங்கும் இருக்கிறது.

சரி, பரிசோதனை? 2014-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது உண்மை. ஆனால் 2023-இல், மனைவியின் உறவை நிரூபிக்கக் குழந்தையின் டி.என்.ஏ.வைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தக் கூடாது என்று மறுத்தது. உங்கள் மனுவும் தள்ளுபடியாகும் என்றே நினைக்கிறேன். ஆகவே மகனுக்கு ஜீவனாம்சம் உண்டு. பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே பங்கும் உண்டு. சுயார்ஜிதச் சொத்தை, அதாவது நீங்களே சம்பாதித்ததை, நீங்கள் விரும்பியவருக்கு உயில் எழுதலாம், அது வேறு விஷயம்.

மனைவி மீதான புகாரை மகனை இழுக்காமலே நடத்தலாம். 2018-க்குப் பிறகு பிறர்மனை உறவு குற்றமல்ல. ஆனால் இந்து திருமணச் சட்டம் பிரிவு 13-இன் கீழ் விவாகரத்துக்குக் காரணமாக இன்றும் இருக்கிறது. வாட்ஸ்அப் பதிவுகளை வெறும் அச்சுப்படியாக நீட்டாதீர்கள். மின்னணுப் பதிவுகளுக்குச் சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 63 கேட்கும் சான்றிதழும் வேண்டும். மகன் உங்களுக்குப் பிறக்கவில்லை என்று மனுவில் எழுதிவிட்டால், நாளை அவனைப் பார்க்க அனுமதி கேட்கும்போது எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் படித்துக்காட்டும். இன்னொன்று: எல்லாம் தெரிந்த பிறகும் மன்னித்துச் சேர்ந்து வாழத் தொடங்கினால் இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 23 குறுக்கே வரும், அந்தக் காரணத்தைச் சொல்லி விவாகரத்து கேட்க முடியாது. எனவே சேர்வதா பிரிவதா என்பதைச் சீக்கிரம் முடிவு செய்யுங்கள்.