உறையில் ரெட் ராக்ஸ், உள்ளே ஜெர்மனி

கேள்வி: அயர்லாந்து ராக் குழுவான யூ2 அமெரிக்காவின் ரெட் ராக்ஸ் மலையரங்கில் மழையில் பாடிய ‘சண்டே பிளடி சண்டே’ வீடியோவைப் பார்த்ததிலிருந்து அந்தக் கச்சேரியைக் கேட்க ஆசை. அவர்களின் மேடைப் பதிவு ஆல்பமான ‘அண்டர் எ பிளட் ரெட் ஸ்கை’யின் பழைய எல்பி (இசைத்தட்டு) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. “அதே கச்சேரிதான்” என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: அந்த ஒரு இரவுக்காக என்றால் வேண்டாம். உறையில் இருப்பது ரெட் ராக்ஸ்தான். ஆனால் எட்டுப் பாடல்களில் ‘குளோரியா’, ‘பார்ட்டி கேர்ள்’ இரண்டு மட்டுமே 1983 ஜூன் 5 அன்று அங்கே பாடியவை. ஒன்று பாஸ்டனில் பதிவானது. மீதி ஐந்தும் ஆகஸ்டில் ஜெர்மனியின் லோரலை திறந்தவெளி அரங்கில் பதிவானவை. நீங்கள் தேடும் ‘சண்டே பிளடி சண்டே’யும் அந்த ஐந்தில்தான் வருகிறது. மழை, தீப்பந்தங்கள், வெள்ளைக்கொடி எல்லாம் வேண்டுமென்றால் 2008இல் வந்த டிவிடியை வாங்குங்கள். அதில் 17 பாடல்கள்.

அதற்காக எல்பியை ஒதுக்கிவிடாதீர்கள். என் அலமாரியிலிருந்து ஒருநாளும் போகாத தட்டு அது. இதில் உள்ள ‘லெவன் ஓ கிளாக் டிக் டாக்’ 1980இல் தனி சிங்கிளாக வந்தது. குழுவின் எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் இல்லை. அதைத் தயாரித்தவர் ஜாய் டிவிஷன் என்ற ஆங்கிலேயக் குழுவுக்கு அந்தக் குளிர்ந்த ஒலியைத் தந்த மார்ட்டின் ஹானெட். பங்க் ராக்குக்குப் பின் வந்த அந்த போஸ்ட்-பங்க் பாணியின் இறுக்கம் மேடையில் எப்படித் தளர்ந்து விரிகிறது என்று கேளுங்கள். கூடுதல் கலைஞர் யாருமில்லை, நால்வர்தான். கிதார் கலைஞர் எட்ஜின் வாசிப்பில் எக்கோ ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி வெட்டவெளியையே நிரப்புகிறது. சிறிய கிளப்புகளில் பிறந்த இசை பெரிய மைதானத்துக்கும் தாங்கும் என்று காட்டிய பதிவு இது. பின்னாளில் ஆல்டர்நேட்டிவ் ராக் குழுக்கள் நடந்த பாதையில் இதற்குப் பெரிய பங்குண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

விலை பேசுமுன் ‘தி எலக்ட்ரிக் கோ’வை ஓடவிடச் சொல்லுங்கள். நடுவே பாடகர் போனோ ‘செண்ட் இன் தி கிளௌன்ஸ்’ பாட்டின் வரிகளைப் பாடுகிறார். உரிமை வாங்காமல் சேர்த்ததால் பின்னர் வந்த பதிப்புகளில் அதை வெட்டிவிட்டார்கள். அந்த வரிகள் இருந்தால் பழைய அச்சு. கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். இல்லையென்றால் “முதல் அச்சு” என்று சொல்லிக் கேட்கும் விலையைக் கொடுக்காதீர்கள்.